மூன்று நிமிடமும் எழுபத்தைந்து மதிப்பெண்ணும்

1970-இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் சேர விரும்பிய மாணவரை இரண்டு கணக்குகள் தீர்மானித்தன. பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்புத் தேர்வில் வாங்கியது 200-க்கு. தேர்வுக் குழுவின் முன்னால் உட்கார்ந்து வாங்கியது 75-க்கு. இரண்டையும் கூட்டி, 275-க்கு எவ்வளவு என்று பார்த்தே இடம் கொடுத்தார்கள். நேர்முகத் தேர்வில் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று விதி இருந்தது. விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சேவை, உடல்நிலையும் தாங்குதிறனும், பொதுத் திறமை, மருத்துவத்தின்மேல் உள்ள நாட்டம் இவையெல்லாம் அதில் அடக்கம். ஆனால் எந்தத் தலைப்புக்கு எத்தனை மதிப்பெண் என்று குழு பிரித்துப் போடவில்லை. மொத்தமாக ஓர் எண், அவ்வளவுதான். ஒரு மாணவருக்குச் சராசரியாக மூன்று நிமிடத்துக்கு மேல் ஒதுக்கவும் இல்லை. மூன்று நிமிடத்தில் ஒருவரது தாங்குதிறனை எப்படி அளந்தார்கள் என்பது குழுவுக்கே வெளிச்சம். பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் இந்த ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பரில் பரிசீலித்தது. நேர்முகத்துக்கு 75 மதிப்பெண் மிக அதிகம் என்றது. தலைப்புவாரியாக மதிப்பெண் தராததைக் கண்டித்தது. கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்து, அலகுக்கு ஒரு குழு வைத்து ஆளெடுத்த முறை செல்லாது என்றது. அதே தீர்ப்பில், பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டது.

இந்த இரட்டைத் தீர்ப்பில் ஒரு பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இதுவரை கல்லூரி வாசலை மிதிக்காத குடும்பத்திலிருந்து ஒருவர் விண்ணப்பிக்கும்போது, அவரை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு உலகம் முழுக்க இரண்டு பதில்கள் உண்டு. மதிப்பெண் கண்ணில்லாதது, ஆகவே அவரை நேரில் பார், அவர் கடந்து வந்த வழியைப் படி, உள்ளிருக்கும் திறமையைக் கண்டுபிடி என்பது ஒன்று. கேட்க இதமான பதில் இது. மற்றது வறண்டது. எத்தனை இடம், யாருக்கு, எந்த அளவுகோல் என்பதை முன்கூட்டியே அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடு என்கிறது. புதிதாக வருபவருக்கு உதவியது பெரும்பாலும் இரண்டாவது பதில்தான் என்பதும், முதலாவது அவரை வெளியே நிறுத்தவே பிறந்தது என்பதும் சென்ற நூறாண்டு வரலாற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு. அதை நிறுவ வேண்டுமானால் சென்னையையும் ஹார்வர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இடையில் யாழ்ப்பாணம் வந்து குறுக்கே நிற்கும். அதைத் தாண்டிப் போக முடியாது. அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சென்னை மாகாணத்தில் இந்த விவகாரம் எண்களோடுதான் தொடங்கியது. 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கையில் உணர்ச்சி வாசகங்களைவிடப் பட்டியல்களே கனமானவை. மாவட்ட முன்சீப்புகள் 128 பேரில் பிராமணர் 93 பேர் என்பதுபோல அரசின் கணக்கையே எடுத்து அரசின் முன் வைத்தார்கள். திறமை இருந்தால் யாரும் வரலாமே என்ற வழக்கமான வாதத்துக்கு, வந்தவர்கள் யார் என்று எண்ணிக் காட்டுவதே விடையாக இருந்தது. நீதிக்கட்சி ஆட்சி 1921-இல் வகுப்புவாரி அரசாணையைப் பிறப்பித்தது, 1928-இல் எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது அது செயலுக்கு வந்தது. 12 வேலை இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. 1947-இல் இது 14 ஆகத் திருத்தப்பட்டது. அரசுக் கல்லூரி இடங்களும் இதே கணக்கில் பங்கிடப்பட்டன. நான்கு மருத்துவக் கல்லூரிகளில் 330 இடம். வெளி மாநிலத்தவருக்கு 17, அரசின் விருப்புரிமைக்கு 12 போக மிச்சமெல்லாம் பதினான்கு பதினான்காக. அந்த 12 விருப்புரிமை இடங்களில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்பதைப் பற்றி எந்தப் போராட்டமும் நடக்கவில்லை. மீதி 301 இடங்களைப் பற்றித்தான் நாடே பேசியது. வெளியில் தெரியும் கணக்குக்கு உள்ள சாபம் அது, பலமும் அதுவே.

செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் அரசாணை வீழ்ந்தது. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாதவர் தொடுத்த வழக்கு அது. இரண்டே மாதத்தில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, ஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) பிரிவைச் சேர்த்தது. அதன்பின் ஒதுக்கீடு ஒரு தடத்தில் போக, எல்லா விண்ணப்பதாரரையும் அளக்கும் முறை வேறு தடத்தில் போனது. அந்த இரண்டாவது தடத்தில்தான் நேர்முகத் தேர்வு சத்தமில்லாமல் இடம் பிடித்தது. பக்கத்து மைசூரில் நேர்முகத்துக்கு 25 விழுக்காடு வைத்திருந்தார்கள். 1964-இல் சித்ரலேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. நீதிபதி முதோல்கர் மட்டும், பல்கலைக்கழக மதிப்பெண்ணையே இது அர்த்தமற்றதாக்கிவிடும் என்று மாறுபட்டார். ஆறே ஆண்டில் பெரியகருப்பன் வழக்கு அந்த மாறுபட்ட குரலின் பக்கம் சாய்ந்தது. பத்தாண்டு கழித்து, 1980 நவம்பரில், ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கு வந்தது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. இரண்டு மூன்று நிமிடப் பேச்சில் கேட்கப்பட்டவை பெரும்பாலும் அப்பா யார், ஊர் எது என்ற கேள்விகள். பொறியியலுக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தேவையில்லை. கேட்டவருக்கு என்ன தெரிய வேண்டியிருந்தது என்பதுதான் விஷயம். நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று நீதிமன்றம் எல்லை வகுத்தது. நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்யலாமே என்றும் யோசனை சொன்னது. எத்தனை கல்லூரிகள் ஒலிப்பதிவுக் கருவி வாங்கின என்று தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

இப்போது ஹார்வர்டு. 1900 வாக்கில் அங்கு யூத மாணவர்கள் 7 விழுக்காடு அளவில் இருந்தார்கள்; 1922-இல் 21 விழுக்காட்டைத் தாண்டிவிட்டார்கள். பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். அன்றைய சேர்க்கை முறை எளிமையானது. தேர்வெழுதித் தேறினால் இடம். தேறுவதில் அந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். தலைவர் ஏ. லாரன்ஸ் லோவெல் கவலைப்பட்டார், யூதருக்கு 15 விழுக்காடு என்று உச்சவரம்பு வைக்கலாம் என்றார். வெளிப்படையாக அவர் அதைச் சொன்னதுதான் அவருக்கு வினையாயிற்று. செய்தித்தாள்கள் எழுதின, பேராசிரியர்கள் குழு கூடியது, 1923-இல் அந்தக் குழு உச்சவரம்பை நிராகரித்தது. அதோடு நிற்காமல், நாட்டின் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் மாணவர் வரட்டும் என்பதற்காக, பள்ளி வகுப்பில் முதல் ஏழில் ஒரு பங்குக்குள் வந்தவர்களைத் தேர்வில்லாமலே சேர்க்கலாம் என்று ஒரு விதியும் போட்டது. விதி எல்லோருக்கும் பொதுவானது, எண்ணால் ஆனது. விளைவு, யூத மாணவர் எண்ணிக்கை இன்னும் ஏறி 1925-இல் நான்கில் ஒரு பங்கைத் தாண்டியது.

எண்ணால் தடுக்க முடியாததை லோவெல் வேறு வழியில் தடுத்தார். 1926-இல் முதலாண்டு வகுப்பில் 1000 பேர்தான் என்று வரம்பு வந்தது. தேறியவர் எல்லோருக்கும் இடம் என்ற நிலை போய், தேறியவர்களில் யாரை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் நிலை வந்தது. தேர்ந்தெடுக்கக் குணநலன், ஆளுமை என்ற அளவுகோல்கள் வந்தன. புகைப்படம் ஒட்டச் சொன்னார்கள். அதற்கு முன்பே, 1922-இலிருந்து, விண்ணப்பத்தில் மதம், இனம், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், தந்தையின் பெயர் எப்போதாவது மாற்றப்பட்டதா என்ற கேள்விகள் ஏறியிருந்தன. ஸ்ரீநகரில் அரை நூற்றாண்டு கழித்து வாயால் கேட்கப்பட்ட அதே கேள்விகள்தாம் இங்கே படிவத்தில் அச்சாகியிருந்தன. சில ஆண்டுகளில் யூதர் பங்கு லோவெல் முதலில் கேட்ட 15 விழுக்காட்டுக்கு அருகே வந்துவிட்டது. உச்சவரம்பு என்று எங்கும் எழுதப்படவில்லை. எந்த மாணவரிடமும், யூதர் என்பதால் உன்னைச் சேர்க்கவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. இடம் கிடைக்காதவருக்கு, தன் ஆளுமையில் ஏதோ குறை என்ற எண்ணம்தான் மிஞ்சியிருக்கும். இந்த முழுக் கதையையும் ஜெரோம் காரபெல் 2005-இல் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆவணக் காப்பகங்களிலிருந்து எடுத்துத் தொகுத்து வெளியிட்டபோதுதான், ஆளை முழுமையாகப் பார்த்துச் சேர்க்கும் முறையின் பூர்வீகம் பொது வாசகர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வழக்கமான வயதில் வழக்கமான பள்ளியிலிருந்து வராதவர்களுக்கு அமெரிக்காவில் கதவு பெரிதாகத் திறந்தது ஒரு சட்டத்தால். 1944-இல் போர்வீரர் மறுவாழ்வுச் சட்டம் வந்தபோது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹட்சின்ஸும் ஹார்வர்டின் ஜேம்ஸ் கோனன்ட்டும், தகுதியற்றவர் கூட்டம் வந்து கல்வித் தரத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காமல் போர்முனைக்குப் போனவர்களுக்காக 1942-இல் உருவாக்கப்பட்டிருந்த ஜி.இ.டி. தேர்வு, பள்ளிச் சான்றிதழுக்கு ஈடாகப் பயன்பட்டது. 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள். 1947-இல் கல்லூரி மாணவரில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னாள் படைவீரர்கள். அவர்கள் நன்றாகவே படித்தார்கள், கோனன்ட்டும் பின்னர் அதை ஒத்துக்கொண்டார். தெற்கு மாநிலங்களின் கறுப்பினப் படைவீரர்களுக்கு மட்டும் இந்தச் சட்டம் பாதியிலேயே நின்றது. சட்டத்தில் நிறம் என்ற சொல் இல்லை. ஆனால் அதைச் செயல்படுத்தும் பொறுப்பு உள்ளூர் அலுவலர் கையில் இருந்தது. வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் மூடியே இருந்தன, கறுப்பினக் கல்லூரிகளில் இடம் போதவில்லை. விதி எவ்வளவு திறந்திருந்தாலும் கடைசிக் கையெழுத்து ஒருவரின் விருப்பத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சட்ட வரலாற்றில் இங்கே ஒரு விசித்திரம் நிகழ்கிறது. டேவிஸ் நகரில் இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, 100 இடங்களில் 16-ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியது. நம் ஊர் அரசாணை போல, யாரும் எண்ணிப் பார்க்கக்கூடிய கணக்கு. 1978-இல் பாக்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதி பவல், இனத்தைப் பல அம்சங்களில் ஒன்றாக வைத்து ஆளை முழுமையாகப் பார்ப்பது சரி என்று சொல்லி, அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டியது எதைத் தெரியுமா? ஹார்வர்டின் சேர்க்கை முறையை. யூதரை வெளியே வைக்க வளர்ந்த ஏற்பாடே கறுப்பினத்தவரை உள்ளே விடும் ஏற்பாட்டுக்கு முன்மாதிரியாயிற்று. 2003-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் தொடர்பான இரட்டை வழக்குகளில் இது மேலும் துலக்கமானது. இளநிலைச் சேர்க்கையில் 150 புள்ளிக்கு 20 புள்ளியைச் சிறுபான்மை மாணவருக்கு வெளிப்படையாகக் கொடுத்த முறை செல்லாது என்றது நீதிமன்றம். சட்டக் கல்லூரியில் எண் எதுவும் சொல்லாமல் ஒவ்வொரு கோப்பையும் படித்துப் பார்த்துச் சேர்த்த முறை செல்லும் என்றது. நம் நீதிமன்றம் 1970-இல் எண்ணை ஏற்றுக்கொண்டு மூடிய அறையைச் சந்தேகித்தது; அவர்கள் நீதிமன்றம் மூடிய அறையை நம்பி எண்ணைச் சந்தேகித்தது. அந்த நம்பிக்கையும் நிலைக்கவில்லை. 2023 ஜூன் 29-இல் ஹார்வர்டு மீதே தீர்ப்பு வந்து, சேர்க்கையில் இனத்தைக் கருதுவதே முடிவுக்கு வந்தது. அந்த வழக்கில் வெளியான கோப்புகளில், ஆசிய அமெரிக்க விண்ணப்பதாரர்களின் படிப்பு மதிப்பெண் உயரமாகவும், தனிக்குணம் என்ற தலைப்பில் அலுவலர்கள் இட்ட மதிப்பெண் சராசரியாகத் தாழ்ந்தும் இருந்தது தெரிந்தது. அவர்களை நேரில் சந்தித்துப் பேசிய முன்னாள் மாணவர்கள் அப்படிக் குறைத்துப் போடவில்லை என்பதும் தெரிந்தது. விசாரணை நீதிமன்றம் இதில் வேண்டுமென்றே செய்த பாகுபாடு இல்லை என்று 2019-இல் முடிவு செய்தது; அதையும் சொல்லிவிட வேண்டும். வேண்டுமென்று செய்தார்களா இல்லையா என்று பல ஆண்டு வழக்காடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதே என் கவலை.

இதற்கு மறுப்பு உண்டு, அலட்சியப்படுத்த முடியாத மறுப்பு. மேரிலாந்து பல்கலைக்கழக உளவியலாளர் வில்லியம் செட்லாசெக் 1970-களிலிருந்தே ஒன்றைச் சொல்லி வந்தார். எஸ்.ஏ.டி. போன்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வுகள் வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கணிப்பதுபோல மற்றவர்களைக் கணிப்பதில்லை. தன்னைப் பற்றிய நம்பிக்கை, தன் நிறைகுறைகளைச் சரியாக எடைபோடும் திறன், பாகுபாட்டை எதிர்கொண்டு சமாளிக்கும் பழக்கம், தொலைநோக்கு, கைகொடுக்கும் ஒரு பெரியவர், தலைமைப் பண்பு, சமூக ஈடுபாடு, வகுப்பறைக்கு வெளியே பெற்ற அறிவு ஆகிய எட்டையும் அளந்தால் அவர்கள் படிப்பை முடிப்பார்களா என்பதை நன்றாகச் சொல்லலாம் என்பது அவர் வாதம். டெரன்ஸ் டிரேசியுடன் சேர்ந்து 1984-இல் இதற்கான வினாப்பட்டியலை வெளியிட்டார். 1999-இல் தொடங்கிய கேட்ஸ் மில்லினியம் உதவித்தொகைக்கு ஆளெடுக்க இந்த எட்டு அளவுகோல்கள் பயன்பட்டன. ஆக, மனிதரைப் பார்க்கும் முறையே குற்றமா? இல்லை என்றே சொல்வேன். ஆனால் செட்லாசெக் செய்தது என்ன என்று கவனிக்க வேண்டும். எட்டுத் தலைப்பையும் முன்கூட்டிப் பெயரிட்டார், ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண் வைத்தார், படித்துப் போடுபவர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றார், போட்டது பலித்ததா என்று பின்னர் சரிபார்த்தார். பெரியகருப்பன் வழக்கில் நீதிமன்றம் தேர்வுக் குழுவிடம் இல்லை என்று குறைபட்டது இவற்றில் இரண்டாவதைத்தான். குணத்தை அளக்கலாம், அளந்ததை எழுதிவைத்து, அதைப் பிறர் பார்க்கவும் விட்டால்.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. மதிப்பெண்ணும் தூயது இல்லையே, அது வீட்டின் வசதியைத்தானே காட்டுகிறது என்பார்கள். உண்மை. தமிழ்நாட்டில் 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தபோது, சில நிமிட நேர்முகத்தைவிட இது மேல் என்றே பலரும் நினைத்தார்கள். அடுத்த இருபதாண்டில் நாமக்கல் முதல் சென்னை வரை பயிற்சி மையங்கள் வளர்ந்தன. மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நுழைவுத் தேர்வு போனது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது. 2017-இல் நீட் வந்தது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கணக்கெடுத்தபோது, மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருந்து மறுபடி தேர்வெழுதி வந்தவர்கள் 2016-17-இல் எட்டில் ஒரு பங்காக இருந்தது, 2020-21-இல் பத்தில் ஏழாக ஆகியிருந்தது தெரிந்தது. வீட்டில் உட்கார்ந்து ஓராண்டு படிக்க வசதி உள்ளவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த அநீதி நமக்கு எப்படித் தெரிந்தது என்று பாருங்கள். மதிப்பெண் பதிவில் இருக்கிறது, பள்ளி எது, பயிற்றுமொழி எது, எத்தனையாவது முயற்சி என்பதெல்லாம் பதிவில் இருக்கின்றன. ஒரு குழு சில வாரங்களில் எண்ணி முடித்தது. பெரியகருப்பன் காலத்து நேர்முக மதிப்பெண்களைப் பார்க்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பரிகாரமும் எண்ணாலேயே, இந்தக் குழுவுக்கு முன்பே வந்திருந்தது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரப்பட்டது. நீட்டுக்கு முன்பும் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர் மிகச் சொற்பம் என்பதை நம் அரசியல் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. அதையும் இந்தக் கணக்கெடுப்புகள்தான் காட்டின. டெக்சஸ் மாநிலமும் 1997-இல் இப்படியொரு முரட்டு விதியைப் போட்டது. எந்தப் பள்ளியானாலும் வகுப்பில் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. அதுவரை சில பத்துப் பள்ளிகளே பாதி இடத்தை நிரப்பிவந்த ஆஸ்டின் வளாகத்துக்கு, அங்கு ஒருவரையும் அனுப்பியிராத சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்து மாணவர் வந்தார்கள். லோவெலைக் கலங்கடித்த ஏழில் ஒரு பங்கு விதியின் மறுபிறவி அது. தேர்வுகளை அடியோடு எடுத்துவிட்டால் ஏழை மாணவர் பெருகுவர் என்பதும் உறுதியில்லை. எஸ்.ஏ.டி.யைக் கைவிட்டிருந்த எம்.ஐ.டி. 2022-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது, உயர்நிலைப் பாடங்கள் இல்லாத பள்ளிகளில் படித்த திறமைசாலிகளைக் கண்டுபிடிக்க அது உதவுகிறது என்றே காரணம் சொன்னது.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. 1971-இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில், பொறியியலுக்குப் பேராதனையில் இடம் பெற 400-க்கு சிங்கள மொழி மாணவருக்கு 227 போதும், தமிழ் மொழி மாணவருக்கு 250 வேண்டும் என்றானது. தமிழ்த் தேர்வாளர்கள் தம் மாணவருக்கு அள்ளிப் போடுகிறார்கள் என்ற புகார் அதற்கு முன் கிளம்பியிருந்தது, அது நிரூபிக்கப்படவில்லை. பிறகு மொழிவாரித் தரப்படுத்தல், 1974-இல் மாவட்ட ஒதுக்கீடு. பொறியியலில் 1969-இல் பாதிக்கு அருகில் இருந்த தமிழர் பங்கு 1974-இல் ஆறில் ஒன்றாகச் சரிந்தது. இதில் மூடிய அறை எங்கே? எண்கள் இருந்தனவே, அதுவும் துல்லியமாக? என் வாதத்தின் எல்லை இங்கேதான் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. விதி வெளிப்படையாக இருப்பது அது நியாயமானது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. யார் யாருக்காக எழுதிய விதி என்று கேட்க வேண்டும். சென்னையில் எண்ணிக்கையில் பெரியதாகவும் படிப்பில் பின்தங்கியும் இருந்த கூட்டம் தனக்காக விதி எழுதிக்கொண்டது; அப்போதும் சிறுபான்மையாக இருந்த பிராமணருக்குப் பதினான்கில் இரண்டு என்று எழுதிவைத்தது, வழக்கு மன்றமும் திறந்திருந்தது. இலங்கையில் பெரும்பான்மை, படிப்பில் முன்னே நின்ற சிறுபான்மையைப் பின்னுக்குத் தள்ள விதி எழுதியது. சிறுபான்மையினருக்கு இருந்த அரசமைப்புப் பாதுகாப்பும் 1972 அரசமைப்போடு போய்விட்டது. லோவெல் செய்ய நினைத்ததும் இதையேதான். அவர் மறைவாகச் செய்தார். மாவட்ட ஒதுக்கீட்டால் வன்னி, மன்னார் போன்ற பின்தங்கிய பகுதிகளின் தமிழ் மாணவர் சிலருக்கும் வழி கிடைத்தது என்பது இந்தக் கதையில் வழக்கமாக விட்டுப்போகும் பகுதி. ஆனால் 227-ஐயும் 250-ஐயும் அருகருகே எழுதிய அந்த முதல் ஆண்டுக்கு எந்த நியாயமும் இல்லை. அந்த இரண்டு எண்கள் ஒரு தலைமுறையின் நினைவில் பதிந்ததும், 1977-க்குப் பின் வந்த அரசு மொழிவாரித் தரப்படுத்தலைக் கைவிட நேர்ந்ததும், அநீதி எண் வடிவில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததால்தான். ஹார்வர்டின் யூத மாணவர்களுக்கு அப்படிக் கையில் பிடித்துக் காட்ட ஒன்றுமில்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. காட்ட முடிந்தும் காலம் தாழ்ந்தே கேட்டார்கள் என்பது இலங்கை வரலாற்றின் துயரம்.

இந்தப் பழைய வழக்குகள் முடிந்த கதை இல்லை. தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1970-களிலிருந்து, இடையில் சில ஆண்டுகள் தவிர, ஒரு வழக்கம் இருந்தது. விண்ணப்பதாரர் பின்தங்கிய மாவட்டத்திலிருந்து வந்தால் சில புள்ளிகள் கூடுதல். பின்னாளில் பெண்ணாக இருந்தாலும் கூடுதல். எந்த மாவட்டத்துக்கு எத்தனை என்பது அச்சில் இருக்கும். அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு வாய்மொழித் தேர்வும் இருந்தது, நூற்றுக்கு 30. மாணவர்கள் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் வாய்மொழி மதிப்பெண்ணையும் சமூகவாரியாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி நெடுநாள் கேட்டார்கள். அப்துல் நாஃபே தலைமையிலான குழு 2012 முதல் 2015 வரையான கணக்கை எடுத்துப் பார்த்தபோது, எழுத்தில் இருந்த இடைவெளி வாய்மொழியில் ஒரே திசையில் விரிந்திருந்தது. 30-ஐ 15 ஆகக் குறைக்கச் சொன்னது. அஜய் ஹாசியா வழக்கு 35 ஆண்டுக்கு முன் சொன்ன அதே எண். நடந்தது நேர்மாறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறைகள் எழுத்துத் தேர்வை வெறும் தகுதிக்காக வைத்துக்கொண்டு, இடத்தை முழுக்க முழுக்க நேர்முகத்தின் கையில் கொடுத்தன. 2017-இல் ஆராய்ச்சிச் சேர்க்கையில் பின்தங்கிய மாவட்டப் புள்ளிகளும் போயின. 2018 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் நூற்றுக்கு நூறு நேர்முகம் செல்லாது என்றது. இப்போது பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிச் சேர்க்கைக்கு எழுத்து 70, நேர்முகம் 30 என்ற கணக்கு ஓடுகிறது. அந்த 30-ஐ யார் யாருக்கு எவ்வளவு போட்டார்கள் என்று ஆண்டுதோறும் சமூகவாரியாக வெளியிடச் சொல்லும் விதி எதுவும் இன்னும் எழுதப்படவில்லை.